குதிகால் வலிக்கும் பிள்ளையை முடக்கிப் போடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் குறுக்கோட்டத்துக்கும் பயிற்சி தொடங்கிவிட்டால், பத்து வயதை ஒட்டிய பிள்ளைகள் சிலர் திடலிலிருந்து நொண்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். வீட்டில் அவர்களுக்கு இரண்டு விதமான தீர்ப்பு கிடைக்கிறது. "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும், போய் ஓடு" என்பது ஒன்று. "இனிமேல் பந்து பக்கமே போகக்கூடாது" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு.

8 முதல் 14 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளைக்குக் குதிகாலின் பின்பக்கம் வலித்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். குதி எலும்பின் பின்முனையில் இன்னும் முற்றாக இறுகாத வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி, ஒன்று உண்டு. கெண்டைக்கால் தசையின் தடித்த நாண் அங்கே வந்துதான் பிடிக்கிறது. பிள்ளை மளமளவென்று உயரும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ள, தசை இறுகி நிற்கிறது. அதே சமயத்தில் ஓட்டமும் குதிப்பும் கூடினால், நாண் மேலே இழுக்கிறது, தரை கீழிருந்து இடிக்கிறது, நடுவில் தட்டு நோகிறது. சுமார் 15 வயதில் தட்டு எலும்போடு சேர்ந்துவிடும். பிறகு இந்த வலிக்கு அங்கே இடமில்லை. மருத்துவர் சீட்டில் 'செவர்ஸ் நோய்' என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். 1912-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. கால் ஊனமாகிவிடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கையால் சேர்த்து அமுக்குங்கள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டால் சந்தேகம் வலுக்கிறது. விளையாடி முடித்ததும் நுனிக்காலில் நடப்பதும் ஓர் அடையாளம். 'வளரும் வலி' என்று நாம் சொல்வது வேறு: அது ராத்திரியில் இரண்டு கெண்டைக்காலிலும் முழங்காலைச் சுற்றியும் வந்து காலையில் காணாமல் போகும், நொண்ட வைக்காது. பாட்டிக்கு அடிப்பாதத்தில் வரும் குதிவாதமும் வேறு. அவர் மருந்தைப் பேரனுக்குப் போட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் பிடிவாதம் பிடிப்பதும் உண்டு. இந்த வயதில் வலியே இல்லாத காலிலும் அந்தத் தட்டு துண்டு துண்டாகத் தெரியும். வேறு ஏதாவது இருக்குமோ என்று மருத்துவர் ஐயப்பட்டால் மட்டுமே படம் தேவை.

மருந்தைவிட முக்கியம் கணக்கு. காலையில் பள்ளி ஓட்டப்பயிற்சி, மாலையில் கால்பந்து, வார இறுதியில் சிலம்பம் அல்லது பூப்பந்து. ஒவ்வொரு பயிற்றுநருக்கும் தன் பங்குதான் தெரியும், குதிகாலுக்கு மொத்தமும் தெரியும். ஒரு வாரத்துக்கு எந்த நாளில் எத்தனை நிமிடம் என்று தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு அதைப் பாதியாக்குங்கள். முதலில் வெட்ட வேண்டியவை ஸ்கிப்பிங், நீளத் தாண்டுதல், சிமெண்டுத் தரையில் ஃபுட்சால், திரும்பத் திரும்ப வேக ஓட்டம். சைக்கிளும் நீச்சலும் தாராளமாக இருக்கலாம். சாதாரணமாக நடக்கும்போதே நொண்டினால், நடை வலியில்லாமல் ஆகும்வரை ஓட்டமே வேண்டாம்.

பத்துக்கு எத்தனை வலி என்று பிள்ளையையே கேளுங்கள். இரண்டு மூன்று என்றால் ஆடலாம். அதற்கு மேல் போனாலோ, நடையே மாறினாலோ அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். நொண்டினால் நேற்றைய அளவு அதிகம். நன்றாக இருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் ஆடும் நாள்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. எது கெடுத்தது என்று பிறகு தெரியாது. பல பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மாதக்கணக்காகும். அடுத்த முறை உயரம் கூடும்போது திரும்பவும் வரலாம். உடற்கல்வி ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணாமல், ஓட்டத்துக்குப் பதில் குண்டு எறியவோ பந்து பிடிக்கவோ விட்டால் பெரிய உதவி.

அடுத்தது காலணி. ஒரு வருடம் தாங்கட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். குதி உள்ளே வழுக்கி வழுக்கி அடிபடுகிறது. முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் மடங்காமல் நிற்க வேண்டும். மழையில்லாமல் இறுகிக் கிடக்கும் திடலில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டால் இடி நேரே குதிக்குப் போகும். அந்த வாரங்களில் ஓட்டக் காலணியே போதும். 6 முதல் 10 மில்லிமீட்டர் உயரமுள்ள குதி அட்டையை இரண்டு காலணியிலும் உட்தட்டுக்குக் கீழே வைத்தால் நாணின் இழுப்பு குறையும். ஒரு காலில் மட்டும் வலித்தாலும் இரண்டிலும் வைக்க வேண்டும். பழைய சிலிப்பரை வெட்டி வைப்பவர்கள் தடிமனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமானால் குதி காலணிக்கு வெளியே எழும்பி வரும். வலி தணியும்வரை வீட்டு மொசைக் தரையிலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கென்று தனி ஜோடி வைத்துக்கொண்டு, சாமி மேடைக்கு முன் கழற்றிவிட்டால் போயிற்று.

கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். சுவரில் கை வைத்து, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல் முன்னே சாய வேண்டும். குதி தரையை விட்டு எழும்பக்கூடாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பக்கூடாது, உடலை ஆட்டி ஆட்டி இழுக்கக்கூடாது. 30 விநாடி, மூன்று முறை, பிறகு முழங்காலைச் சற்று மடக்கி அதேபோல். காலை, மாலை இரு வேளை. கெண்டையில் இழுப்பு தெரியலாம், குதியில் வலி தெரியக்கூடாது. படிக்கட்டு ஓரத்தில் நின்று குதியைக் கீழே தொங்கவிடும் பயிற்சி இந்தச் சமயத்தில் கூடாது.

விளையாடி வந்ததும் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். தைலம் தேய்த்து கெண்டையை மெல்ல நீவுவதில் கெடுதல் இல்லை. குதி எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டுவதுதான் கெடுதல். வலி மிஞ்சினால் பாராசிட்டமால், உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 30 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை முழுசாக அதிகம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கி பயம் இருப்பதால் இபுபுரோஃபன் வேண்டவே வேண்டாம். ஆட்டத்துக்கு முன் மாத்திரை கொடுத்து இறக்கிவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வலி, கால் ஊன்ற முடியாமை, உயரத்திலிருந்து குதித்த பிறகு திடீரென்று வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செம்பனை மட்டையின் முள் குதியில் ஏறி, முனை உள்ளேயே முறிந்து, மேல்தோல் மூடிக்கொண்டிருக்கலாம். ஒரே இடத்தில், விரல் நுனி அளவில், தொட்டாலே சுள்ளென்று வலித்தால் ஊக்கால் கிளறாமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்