முதல் மீட்டிங்குக்குப் போகும் முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. உன் தம்பி தானாகவே வாய் திறந்து "குடியை விடணும்" என்று சொன்னான் பார், அதுவே பெரிய சேதி. குடியை விட நினைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்கைப் பற்றி நீ கேட்டதற்கெல்லாம் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் அடங்குகிறது என்ற நிலையில் இருந்தால், நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது என்று வீராப்பாகச் சத்தியம் வாங்காதே. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை தொடங்கிவிடும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் டாக்டர். தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் குறைக்காமல் சொல்லச் சொல். வீட்டார் எதிரில் இருந்தால் அளவைப் பாதியாக்கிச் சொல்வார்கள். நீ வெளியே உட்கார்ந்திரு.

அடுத்தது இடம் தேடுவது. ஏ.ஏ. 1935-இல் தொடங்கியது. அவர்கள் இணையதளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு கிடைக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதே. கிழமை மாறியிருக்கும், அறை மாறியிருக்கும், பட்டியலில் பழையதே இருக்கும். குழுக்களை நடத்துவது சம்பளம் வாங்காத உறுப்பினர்கள்தான், உடனுக்குடன் திருத்த ஆளிருக்காது. போன் செய்து கேள்: இந்த வாரம் உண்டா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த வாசல் வழியாக வரவேண்டும்.

வாசல் என்று கேட்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. பள்ளிக்கூடம், மாதா கோவில், ஆஸ்பத்திரி இவற்றில் பின்பக்க அறை ஒன்றில்தான் பெரும்பாலும் நடக்கும் (இடம் மட்டும்தான் அவர்களுடையது, மதப் பிரசாரம் இல்லை). பெரிய போர்டும் இருக்காது. புதிதாக வருகிறவன் முன் கேட்டைத் தள்ளிப் பார்ப்பான், பூட்டியிருக்கும், அத்தனை தைரியமும் அங்கேயே வடிந்து திரும்பிவிடுவான். போனில் பேசியவரையே வாசலில் நிற்கச் சொல், சந்தோஷமாக நிற்பார்.

திறந்த கூட்டத்துக்கு நீயும் கூடப் போகலாம். மூடியது, குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது, 1951 முதல். உனக்கும் அது வேண்டியிருக்கும், முகத்தைச் சுளிக்காதே.

பத்து நிமிஷம் முன்னால் போகட்டும். ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். கட்டணம் கிடையாது, உண்டியல் சுற்றி வரும், புதியவர் போடவே வேண்டாம். வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை. பேசியே தீரவேண்டும் என்பதில்லை, "இன்றைக்குக் கேட்க வந்தேன்" போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார், பதிலும் சொல்லமாட்டார். அந்த மௌனத்தைப் பார்த்து, யாருக்கும் நம்மேல் அக்கறை இல்லை என்று முதல் நாள் பலர் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அது முறை. உண்மையான பேச்செல்லாம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைக்கும்போதுதான். முடிந்ததும் ஓடிவராமல் இரண்டு நாற்காலி தூக்கச் சொல்.

அங்கேயே மூன்று பேர் நம்பர் வாங்க வேண்டும். மறுநாளே, ஒரு காரணமும் இல்லாமல், ஒருவரைக் கூப்பிட வேண்டும். ஏன் என்றால், குடிக்கத் தோன்றும் ராத்திரி பத்து மணிக்கு, முன்பின் பேசாத நம்பரை யாரும் அழுத்தமாட்டார்கள். ஏற்கெனவே ஒரு தரம் பேசியிருந்தால் கை தானாகப் போகும்.

ஸ்பான்சரை, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் பழைய உறுப்பினரை, அவசரப்பட்டுப் பிடிக்க வேண்டாம். குடிக்காமல் ஒரு வருஷமாவது தாண்டிய ஆணாகப் பார்க்கட்டும். சொந்தக்காரர், மேலதிகாரி ஒத்துவராது. ஸ்பான்சர் டாக்டர் இல்லை. மனநோய்க்கோ வலிப்புக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், பணம் கைமாற்றுக் கேட்கிறவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருக்கலாம். அவரிடமிருந்து விலகினால் போதும், குழுவையே விட்டுவிட வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு "இது நமக்குச் சரிப்படாது" என்பான். விடாதே. குழுவுக்குக் குழு ஆள், வயது, பேச்சு எல்லாம் வேறு. ஐந்தாறு பார்த்த பிறகு சொல்லட்டும். 90 நாளில் 90 கூட்டம் என்று ஒரு வழக்கம் உண்டு. சட்டம் இல்லை, ஆனால் ஆரம்பத்தில் எத்தனை நெருக்கமாகப் போகிறானோ அவ்வளவு நல்லது. ஏ.ஏ.-யில் வரும் கடவுள் பேச்சுதான் இடிக்கிறது என்றால், ஸ்மார்ட் ரெக்கவரி என்று வேறொரு அமைப்பு இருக்கிறது, 1994-இல் வந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள்தான் அங்கே. ஆன்லைனிலும் நடத்துகிறார்கள்.

நடுவில் ஒரு தரம் குடித்துவிட்டால், வெட்கப்பட்டு ஒதுங்கும் அந்த வாரம்தான் மோசமானது. அடுத்த கூட்டத்துக்கே போகவேண்டும். அன்று குடித்திருந்தால் பேசாமல் உட்காரச் சொல்வார்கள், துரத்தமாட்டார்கள்.

டாக்டரைப் பார்த்தீர்களா, எந்தக் கிழமைக் கூட்டம் என்று முடிவானதா, எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு