கேமராவைக் கடைசியாக வாங்குங்கள்: லார்ஜ் ஃபார்மட் பழக நினைப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் கடைக்கு வரும் இளைஞர்கள் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?” சுருள் ஃபிலிமுக்குப் பதிலாக, 4-க்கு 5 அங்குலம் போன்ற பெரிய தனித் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுக்கும் கேமரா அது. கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் திருமணப் படம் எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் தமக்கென்று ஏதாவது எடுக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். யார் கையிலும் பெரிய பணம் இல்லை. கல்லாப் பக்கம் ஆட்கள் காத்து நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறோம்.

கேமராவை இப்போது வாங்காதீர்கள்.

சுருள் ஃபிலிம் போடும் 35 மி.மீ. கேமராவுக்குள் ஃபிலிமை நகர்த்தும் பற்சக்கரம், ஷட்டர், கண்ணாடி, மீட்டர் என்று நுட்பமான வேலைப்பாடுகள் பல உண்டு. லார்ஜ் ஃபார்மட் கேமராவில் அவை பெரும்பாலும் இல்லை. முன்னால் லென்ஸ், பின்னால் ஒரு தாள், நடுவில் இருட்டு. ஷட்டர்கூட அநேகமாக லென்ஸோடுதான் இருக்கும். பெட்டி தேக்கா பிளைவுட்டா என்பது படத்தில் தெரியாது. லென்ஸும், தாளைப் பிடிக்கும் ஹோல்டரும், நெகட்டிவை மருந்தில் கழுவிய விதமும் தெரியும். கையிருப்பு முழுவதையும் கேமராவில் போட்டவர்கள், முதல் பெட்டி ஃபிலிம் தீர்ந்ததும் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறோம். பழகுவதற்கு வேண்டியது தாள்கள். நிறையத் தாள்கள்.

4-க்கு 5 அங்குலத் தாள் 35 மி.மீ. நெகட்டிவைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு பரப்பு கொண்டது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் இல்லாமல், நெகட்டிவை பிரிண்ட் தாளின்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, ஒரு குண்டு பல்பைச் சில நொடிகள் எரியவிட்டாலே கையில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் படம் கிடைத்துவிடும். இந்தக் காண்டாக்ட் பிரிண்டின் தெளிவை நேரில் பார்த்தவர்கள் எளிதில் விடமாட்டார்கள். எங்களிடம் சில இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஃபிலிமும் வேண்டாம். கருப்பு வெள்ளை பிரிண்ட் போடும் தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்துங்கள். ஃபிலிமைவிட மலிவு. சிவப்பு விளக்கின்கீழ் வெட்டலாம், ஹோல்டரில் ஏற்றலாம், டிரேயில் உருவம் எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். கும்மிருட்டில் தடவித் தடவிச் செய்ய வேண்டியதில்லை. தாள் ஒளியை உணரும் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துத் தொடங்குங்கள். கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடு, கடுமையாக இருக்கும் என்பதால் உச்சி வெயிலைத் தவிர்த்து நிழலிலும் காலை ஒளியிலும் எடுங்கள். உருவத்தை எழுப்பும் மருந்தான டெவலப்பரை வழக்கத்தைவிட இரு மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். உங்கள் சிவப்பு விளக்கு நம்பத்தக்கதா என்று அறிய, இருட்டறையில் ஒரு துண்டுத் தாள்மேல் நாணயத்தை வைத்து, அந்த விளக்கை மட்டும் எரியவிட்டு ஐந்து நிமிடம் கழித்து டெவலப்பரில் போடுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள்.

லென்ஸ் இல்லாமலே தொடங்கலாம். 10 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு 0.4 மி.மீ. துளை சரியாக இருக்கும். குளிர்பான டின்னின் தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஊசி முனையால் குத்தி, பிசிறு போக மறுபடி தேய்க்க வேண்டும். ஆழத்தைத் துளையின் அளவால் வகுத்தால் வரும் எஃப் எண் இதற்கு ஏறக்குறைய 250. நல்ல வெயிலில் தாள் நெகட்டிவுக்கு முக்கால் நிமிடத்திலிருந்து சோதித்துப் பாருங்கள்.

அடுத்த படிக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போங்கள். சிலிண்டர் பவர் இல்லாத, வெட்டாத பிளஸ் 5 லென்ஸ் ஒன்று கேளுங்கள். அதன் குவியத் தூரம் 200 மி.மீ. குழிந்த பக்கம் வெளியே, எடுக்கப்போகும் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி, 6 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை. ஆங்கிலேய அறிவியலாளர் வொல்லாஸ்டன் 1812-இல் சொன்ன அமைப்பு இதுதான். எஃப் 32 அளவுக்கு வந்துவிடும், ஓரங்களில் மட்டும் மென்மை இருக்கும். நிழலில் தாள் நெகட்டிவுக்கு ஐந்து நொடி தேவைப்படும். மூடியை எடுத்து, எண்ணி, மூடினால் போதும், ஷட்டர் தேவையில்லை. பெட்டிக்கு பெல்லோஸும், அதாவது மடிந்து விரியும் துருத்தியும், வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிளைவுட் பெட்டிகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள், உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். 200 மி.மீ. லென்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்து முகத்தை ஃபோகஸ் செய்ய 250 மி.மீ. நீளம் போதும். அதாவது உள்பெட்டி 5 செ.மீ. நகர்ந்தால் சரி.

ஃபோகஸ் பார்க்கும் மங்கிய கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கிரானைட் மெருகேற்றும் ஊரில் இருந்துகொண்டு கல் தேய்க்கும் கார்போரண்டம் தூளுக்கு அலைய வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் மோட்டார் உதிரிபாகக் கடையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் இருக்கும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து வட்டமாகத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் பால்போல் மங்கிவிடும்.

சிக்கனம் கூடாத ஒரே பொருள் ஹோல்டர். இரு பக்கமும் தாள் ஏற்றும் 4-க்கு 5 ஹோல்டர் பழையதே வாங்கலாம், ஆனால் சோதிக்காமல் வாங்காதீர்கள். தாள் ஏற்றி, மூடியைத் திறக்காமல் இரண்டு பக்கமும் சில நிமிடம் வெயிலில் காட்டி, அந்தத் தாளை டெவலப்பரில் கழுவிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் வெளிச்சம் கசிகிறது.

இனி எக்ஸ்ரே ஃபிலிம். இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஷீட் ஃபிலிமைவிட மிகவும் மலிவு என்பது உண்மை. ஆனால் ஸ்கேன் மையங்களில் இப்போது பிரிண்டர் வழியே வரும் ட்ரை ஃபிலிம் கேமராவுக்கு உதவாது. ஒளிக்கு அது பதில் சொல்லாது. டெவலப்பரில் கழுவும் பழைய வகை, பச்சை ஒளிக்கு அல்லது நீல ஒளிக்கு உரியது என்று பெட்டியில் போட்டிருக்கும், அதுதான் வேண்டும். பச்சை வகைக்குச் சிவப்பு விளக்கு சரி, மஞ்சள் விளக்கு கூடாது. 8-க்கு 10 தாளை நான்காக வெட்டும்போது நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஹோல்டரில் நுழையாது. ஐ.எஸ்.ஓ. 50 என்று தொடங்குங்கள்.

இரண்டு பக்கமும் மருந்து பூசிய ஃபிலிம் இது. டிரேயின் அடியில் பட்டாலே கீறல் விழும். டிரேக்குள் ஒரு கண்ணாடித் தகடு போட்டு, ஒரு நேரத்தில் ஒரு தாள் மட்டும் கழுவுங்கள், நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு நிறம் இதற்குத் தெரியாது. குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், நம் செம்மண் இருண்டுபோகும், நீல வானம் வெளுத்து மேகம் காணாமல் போகும். முகங்களுக்கு இது ஒரு தனி அழகைத் தருகிறது என்பது எங்கள் கருத்து. வயதானவர்களின் தோலில் ஒவ்வொரு சுருக்கமும் பேசும். குழந்தைகளுக்கும் மணப்பெண்களுக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் போர்வெல் நீர் கடினமானது, காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் விடும். மற்றக் கழுவல்களுக்கு அது போதும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மருந்துகளுக்குச் சொல்லப்பட்ட கணக்கு 20 டிகிரிக்கு. டிரேயைப் பெரிய டிரேயில் வைத்து, சுற்றிலும் ஐஸ் உறைகளைப் போடுங்கள். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, அலசும் நீர் மூன்றும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஹைப்போவில் ஃபிலிம் தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறதோ, மொத்தத்தில் அதன் இரு மடங்கு நேரம் விடுங்கள். டெவலப்பரைத் தாமே கலக்க விரும்புகிறவர்களுக்கு டி-76 எளிது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. மெட்டாலை முதலில் கரைக்க வேண்டும், கையுறை அணிய வேண்டும்.

மூடிய ஸ்டுடியோக்களின் பரண்களில், கண்ணாடி பிளேட்டில் படம் எடுத்த ‘அரைப் பிளேட்’ அளவு மரக் கேமராக்கள் இன்னும் கிடக்கின்றன. ஆலப்புழையில் தேக்கில் செய்த வாகீஸ்வரி கேமரா கண்ணில் பட்டால் பேரம் பேசித் தாராளமாக வாங்குங்கள். அரைப் பிளேட்டின் 4¾-க்கு 6½ அங்குல அளவில் ஃபிலிம் தேடி அலைய வேண்டாம். 14-க்கு 17 எக்ஸ்ரே தாள் ஒன்றில் ஆறு துண்டுகள் கிடைக்கும். கண்ணாடி பிளேட்டுக்கான ஹோல்டர் என்பதால் ஃபிலிமுக்குப் பின்னால் அட்டை கொடுத்துத் தடிமனைச் சரிசெய்ய வேண்டும். பெல்லோஸுக்குள் டார்ச்சை வைத்து இருட்டில் பாருங்கள். சிறு ஓட்டைகளைக் கறுப்பு வண்ணம் கலந்த பசையால் அடைத்துவிடலாம், மடிப்பு முழுவதும் நொறுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆசை நிலைத்திருந்தால் ஷட்டருடன் கூடிய 150 மி.மீ. லென்ஸ் வாங்குங்கள். 4-க்கு 5-க்கு அதுதான் இயல்பான பார்வை. வாங்கும்போது ஒரு நொடி வேகத்தில் வைத்து ஷட்டரை ஓடவிட்டுக் கேளுங்கள், பழைய ஷட்டர்கள் முதலில் சிக்கிக்கொள்வது அங்கேதான். அதன்பிறகு கேமரா.

எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: நகராதவற்றிலிருந்து தொடங்குங்கள். நம் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் ஐந்து நொடியில் எங்கும் போய்விடாது. தருமபுரிப் பக்கத்து நடுகற்களைக் காலையில், வெயில் பக்கவாட்டில் உரசிச் செல்லும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். வீரனின் வாளும் எழுத்தின் வெட்டும் அப்போதுதான் எழுந்து வரும். நேர் வெயிலில் வெறும் பாறையாகத்தான் தெரியும். எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லில் மாவோ சுண்ணாம்போ தயவுசெய்து பூசாதீர்கள்.

பிரிண்ட் தாளை முழுப் பெட்டியாக வாங்கத் தேவையில்லாமல், 4-க்கு 5 அளவில் வெட்டிச் சில்லறையாகத் தருகிறோம். வெளியில் வாங்கிய ஹோல்டரையும் லென்ஸையும் கொண்டுவந்தால் கட்டணமின்றிச் சோதித்துச் சொல்கிறோம்; வாங்கும் முன்பே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. தீர்ந்துபோன ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். கிணற்றடியிலோ ஏரியிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்டுடியோக் கடையினர்,
கிருஷ்ணகிரி