சவர்க்காரக் கட்டி முடி

கல்லடி,
வெள்ளிக்கிழமை இரவு

மச்சான்,

எட்டு மாதமாகப் பதில் போடாதவனுக்கு என்ன தண்டனை என்பதை நீயே யோசித்து வை. அம்மா சுகம். மழை வரப்போவதை வானிலை அறிக்கைக்கு முன்பே அவவின் முழங்கால் சொல்லிவிடுகிறது. கட்டையன் கடைக்கு மூன்றாம் தடவையாகப் பெயர் மாற்றியிருக்கிறான், வியாபாரம் மாறவில்லை. ஊர்ப் புதினம் இவ்வளவுதான்.

இனி, நீ எத்தனையோ வருடமாகக் காத்திருந்த வசனம்: நீ சொன்னதுதான் சரி. கணினியில் முப்பரிமாண உருவம் செய்யும்போது கூட்டைச் சின்னதாகக் கட்டு, வழுவழுப்பை சப்டிவிஷன் (கூட்டின் முகங்களை மேலும் மேலும் பிரித்து உருட்டுவது) பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினாய். நான் கேட்கவில்லை. சரி, சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மூத்தப்பாவின் கூத்து முடி, அரசன் வேடத்துக்குத் தலையில் வைக்கும் அந்த மரக் கிரீடம், ஞாபகம் இருக்கிறதா? கன்னன்குடா வீட்டில் சாக்கில் சுற்றி வளையில் கட்டியிருந்ததே, தொட்டதற்கு உன் முதுகு வீங்கியதே, அதேதான். அந்தச் சாக்கை எலி அரித்துவிட்டது. பின்பக்கப் பலகையில் கறையான் ஏறியிருக்கிறது. கண்ணாடிச் சில்லுகளில் பாதி உதிர்ந்து ஒரு மாஜரின் டப்பாவில் கிடக்கின்றன. முழுதாய் உளுத்துப்போக முன்னர் பிளெண்டர் மென்பொருளில் அச்சொட்டாகச் செய்து வைத்துவிடுவோம், மறுகா அதைப் போட்டு ஒரு வடமோடிக் கூத்து அரசனையே ஆடவைப்போம் என்று இறங்கினேன்.

முதலில் என் வழக்கப்படி செய்தேன். நாற்பதாயிரம் முகம், அதாவது உருவத்தை மூடும் சின்னத் தட்டைத் துண்டுகள். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் இழுத்தால் மற்றப் பக்கம் அம்மை போட்டதுபோல் பொங்கும். இரண்டு கிழமை அழுதுவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு உன் பாட்டுக்குத்தான் ஆடினேன். வாய் விளிம்புக்கு எட்டே எட்டு முனை, மொத்தம் 480 முகம், எல்லாம் நாற்கோணம். சப்டிவிஷனைப் போட்டதும் அப்படியே உருண்டு திரண்டு வந்தது பார், கைதட்டிவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் முகம் நாலு மடங்கு, இரண்டாம் படியில் 7,680. அதற்குமேல் என் லெப்டொப்புக்கு மூச்சு வாங்கும். கடைசிப் படத்தை எடுக்கும் ரெண்டருக்கு மட்டும் ஆறாம் படி வைத்துவிட்டு மறந்த கதையைச் சொல்லமாட்டேன். 480ஐ நாலால் ஆறு தடவை பெருக்கிப் பார், ஏன் விடியும்வரை விசிறி அலறியது என்று விளங்கும்.

கைதட்டின மகிழ்ச்சி முடியைத் தலையில் வைக்கும் வரைக்கும்தான். அரசனின் நெற்றி முடியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது! நாடா வைத்து அளந்தவன் நான், முடியின் வாய் எட்டு அங்குலம். ஆனால் திரையில் ஏழே கால்கூட இல்லை. மென்பொருளில் பிழை என்று உனக்கு ஒரு நீண்ட வசவுக் கடிதம்கூட எழுதத் தொடங்கினேன்.

பிழையைக் கண்டுபிடித்தவள் மருமகள். அவள் இப்போது ஓ லெவல், கணக்கில் புலி. ஒரு சதுரப் பெட்டியைக் கொப்பியில் கீறி, கட்மலும் கிளார்க்கும் 1978இல் எழுதிய சப்டிவிஷன் விதியைக் கையாலேயே போட்டுப் பார்த்தோம். முகத்துக்கு ஒரு நடுப்புள்ளி, விளிம்புக்கு ஒரு புள்ளி, பிறகு பழைய மூலையை நகர்த்துவது. நடுவிலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று என்ற தூரத்தில் நின்ற மூலை ஒரே படியில் ஒன்பதில் ஐந்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு திசையிலும்! "மாமா, இது சராசரிதானே, சராசரி எப்படி வெளியே போகும்?" என்றாள். வாயடைத்துப் போனேன். உருண்டு வரும் தோல் கூட்டுக்கு உள்ளேதான் சுருங்கி நிற்கும். எட்டு முனை வளையம் என்றால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு போய்விடும், பதினாறு முனை என்றால் நூற்றுக்கு இரண்டரைதான். இதை நீ ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை, இல்லை சொல்லும்போது நான் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன்.

அடுத்த ஞாயிறு கூத்து அரசன் உடுக்கும் கரப்புடுப்பை வெயிலில் காயப்போட எடுத்தபோது அதையே தலைகீழாகக் கண்டேன். உள்ளே பிரம்பு வளையம் ஐந்துதான், மேலே துணி. ஐந்து வளையத்துக்கு அவ்வளவு பெரிய வட்டம் நிற்கிறது. மீன் பிடிக்கிற கரப்பைப் பார்த்துத்தானே அந்தப் பெயரே. நீ சொன்ன கூடு இதுதான் என்று அப்போது விளங்கியது. ஒரே வித்தியாசம், இங்கே துணி கரப்புக்கு வெளியே, அங்கே தோல் உள்ளே. பத்து வருடம் கூத்துக் களரியில் சல்லரி பிடித்தவனுக்கு இது இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது, போ.

சரி, அளவைத் திருத்தி, அந்தத் திருத்தத்தில் உச்சியில் பதினாறு முக்கோணம் ஒரே புள்ளியில் கூடிக் கொழுக்கட்டை வாய்போல் கிள்ளி நின்றதையும் நாற்கோணமாக மாற்றி, லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டிப் போனேன். மூத்தப்பா கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது என்ன மனே, முடியா, சவர்க்காரக் கட்டியா?"

அவர் சொன்னதில் பிழையில்லை. கண்ணாடிச் சில்லெல்லாம் உருண்டு குளிசை போல் கிடந்தன. பலகை விளிம்பு ஒன்றுகூட இல்லை. அன்றிரவு Shift விசையும் E விசையும் அழுத்திச் சில்லுகளின் விளிம்புக்கெல்லாம் கிரீஸ் (விளிம்பை மழுங்கவிடாத கூர் அளவு) முழுதாய் ஒன்று கொடுத்தேன். கண்ணாடி கண்ணாடியாயிற்று. ஆனால் பலகைக்கும் ஒன்று கொடுத்தால் நேற்றுக் கடையில் வாங்கினது மாதிரி வெட்டுகிறது. அறுபது வருடம் கை பட்டுத் தேய்ந்த மரம் மச்சான் அது. அரைக்கூர்தான் வேண்டும். பிக்சார்காரர் 1997இல் சதுரங்கம் ஆடும் கிழவனின் குறும்படத்துக்கு இதைத்தானே செய்தார்கள். சில படிகளுக்குக் கூராக விட்டு, பிறகு மழுங்கவிடுவது. மறு ஆண்டு அதை எழுதியும் வைத்தார்கள். நான் பலகைக்குக் கிரீஸ் 0.4 வைத்திருக்கிறேன். மூத்தப்பா பெருவிரலைத் திரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு "இப்ப கொஞ்சம் மரம் போல கிடக்கு" என்றார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

விரலை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, "பள்ளம் எங்க?" என்று கேட்டார். நான் அதை அளக்கவே இல்லை. ஒரு குறை என்று நினைத்து நிரவிவிட்டேன். தொண்ணூறில் சண்டைக்கு ஊரைவிட்டு ஓடும்போது தோணியில் ஏற்றுகையில் தவறி விழுந்ததாம். வேறொன்றும் எடுத்துப் போகவில்லை, இதையும் மத்தளத்தையும்தான். மத்தளம் திரும்பி வரவில்லை. இவ்வளவையும் மாடு அவிழ்ந்த கதை சொல்வது போலச் சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெருவிரல் நகமளவு. அதற்கென்று விளிம்பு கூட்டினால் அது வளையமாக முடியைச் சுற்றி முழுக்க ஓடி, நல்லாக இருந்த வலப்பக்கத்தில் வரம்பு கட்டியது போல் ஒரு கோடு போடுகிறது. வளையத்தை இடையில் திருப்பிவிட ஐந்து விளிம்பு கூடும் முனை வைத்தால் அந்த இடத்தில் வெளிச்சம் பட்டு மினுங்குகிறது. கூட்டைத் தொடாமல், பிரித்த படிகளின் மேலேயே செதுக்கவிடும் மல்டிரெஸ்ஸில் செதுக்கலாம் என்று மருமகள் சொல்கிறாள், ஆனால் என் லெப்டொப்பின் நிலையைத்தான் மேலே படித்தாயே. பைலை அனுப்புகிறேன். உன் ஸ்டூடியோ வேலையில் ஒரு மணித்தியாலம் திருடு. ஐந்து விளிம்பு முனையை எங்கே ஒளிக்கலாம் என்று மட்டும் பார்த்துச் சொல். கண்ணாடிச் சில்லு ஒன்றின் அடியில் ஒளிக்கலாமோ என்று ஒரு யோசனை.

வெள்ளாமை வெட்டின பிறகு கன்னன்குடாவில் கூத்துப் பழக்கப் போகிறார்களாம். மூத்தப்பா உன்னைக் கேட்டார். அடித்ததற்காக அல்ல, 2009இல் நீ கொண்டுபோன சல்லரியில் ஒன்று இன்னும் வரவில்லையாம்.

உன்,
சதுரம்