பழுதைப் படிக்கத் தெரிந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாசகர் பக்கத்தில் சில நாள்களாக நடந்துவரும் ‘பட்டப்படிப்பா, கைத்தொழிலா’ விவாதத்தைப் படித்து வருகிறோம். பட்டம் வாங்கியவரே புத்திசாலி என்று ஒரு சாராரும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மறு சாராரும் எழுதுகிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் கட்டட வேலையும் பட்டறை வேலையும் கற்றுக்கொடுக்கிற எங்களுக்கு, இரு சாராருமே முக்கியமான ஒன்றை விட்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வேலை ஒழுங்காக நடக்கும் வரை யாருடைய புத்தியும் வெளியே தெரியாது. வேலை கெடும்போதுதான் தெரியும். ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கிறவர், அடுத்த முறை எதை மாற்றுவது என்று முடிவெடுக்கிறவர் எவரோ அவரே புத்திசாலி. இதைக் கல்லூரித் தேர்வும் கேட்பதில்லை. தொழிற்பயிற்சித் தேர்வும் போதிய அளவு கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து ஊரான ஆத்தங்குடியின் தரைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். சூளையில் சுடாமல், இயந்திரத்தில் அழுத்தாமல், கையால் வார்க்கிற கல் அது. தூசு இல்லாமல் துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அறைகள் கொண்ட அச்சை இறக்குகிறார்கள். சிமென்ட்டையும் ஆக்சைடு வண்ணத்தையும் தண்ணீரில் குழைத்து, அறைக்கு ஒரு நிறமாகச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் சலித்த மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார்கள். அதன் மேல் ஈரச் சாந்தை நிரப்பி, கரண்டியால் அழுத்தி மட்டம் பார்க்கிறார்கள். ஒரு நாள் காயவிட்டு, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, எடுத்து உலர்த்தினால் கண்ணாடி கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கியிருக்கும். தனியாக மெருகு போடும் வேலை கிடையாது.

கல்லின் முகம் அடியில் இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். வேலை செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகு மட்டும். முதலில் ஊற்றியது கடைசியில் மேலே வரும். வலப்பக்கம் சாய வேண்டிய கொடியை இடப்பக்கம் சாய்த்து ஊற்ற வேண்டும். அச்சே இல்லாமல் கையாலேயே பூப்போடுகிறவர்கள் இந்தத் தலைகீழ்க் கணக்கை ஒவ்வொரு கோட்டுக்கும் மனத்துக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தவறினால் அழித்து எழுத வழியில்லை. கண்ணாடி கழன்ற பிறகுதான் தவறே தெரியும்.

அப்படித் தெரிகிற பழுது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தால் வண்ணக் குழம்பில் தண்ணீர் மிஞ்சியிருக்கும், அல்லது அச்சைத் தூக்கும்போது கை சாய்ந்திருக்கும். முதல் காரணம் என்றால் கல் முழுக்க விளிம்புகள் கலங்கும்; இரண்டாவது என்றால் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். முகத்தில் ஊசித்துளைகள் இருந்தால் குழம்பு கெட்டியாகி மூலைக்குப் போகவில்லை, காற்று சிக்கிக்கொண்டது என்று பொருள். தூவிய தூள் குறைந்தால் மேலே போட்ட சாந்து வண்ணத்தை நெருக்கித் தள்ளும். தூள் கூடினால் நடுவில் ஓர் அடுக்கு நனையாமலே நின்று, பிற்பாடு வண்ணம் அப்பளம் போல் உரியும். தொட்டியில் ஊறியது போதவில்லை என்றால் முகம் மாவு மாவாக உதிரும்.

‘ஒரு கல்லுக்கு எவ்வளவு தண்ணீர்?’ என்று கேட்டால் ஒற்றை எண்ணில் விடை சொல்ல முடியாது. ஐப்பசி மணல் தனக்குள்ளேயே ஈரத்தை வைத்திருக்கிறது. சித்திரை மணல் ஊற்றியதையெல்லாம் குடித்துவிடுகிறது. நேற்று சரியாக இருந்த அளவு இன்று தப்பாகிறது. மணலைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்துத் தண்ணீரைக் குறைக்கிறவரின் மூளையில் நடப்பது, ஆய்வகத்தில் மணலின் ஈரப்பதத்தைக் கழித்துக் கணக்குப் போடுகிற பொறியாளர் மூளையில் நடப்பதுதான். ஒன்றுக்குச் சான்றிதழ் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

அதே சமயம், கைப்பழக்கம் மட்டும் போதும் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு அதற்கு நல்ல சாட்சி. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்து, பொடிந்து நீறும். ஆனால் அளவுக்கு மீறிச் சுட்ட கட்டிகள் உடனே நீறாது. பொறுமையில்லாமல், சல்லடையில் சலிக்காமல், நாள்கணக்கில் ஊறவிடாமல் சாந்தில் சேர்த்தால், சுவருக்குள் போன பிறகு மெதுவாக ஈரத்தை இழுத்து, உப்பி, மேல்பூச்சை வெடிக்க வைக்கும். மாதங்கள் கழித்துச் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுவது இதனால்தான். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு மணல் என்று அடிப்பூச்சு, பிறகு நயமாக அரைத்த பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெருகு. இந்த வரிசை பழகிய கொத்தனாருக்கு அத்துப்படி. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் எப்போது சேர்ப்பது என்றும் தெரியும்.

ஆனால் சுண்ணாம்பு ஏன் இறுகுகிறது? காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாக மாறுகிறது. அதற்குக் காற்றும் வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும். இது தெரியாதவர், ‘சீக்கிரம் காயட்டும்’ என்று வெயில் படும் சுவரை மூடாமல் விட்டுவிடுவார். பூச்சு காய்ந்துவிடும், இறுகியிருக்காது. வெடிப்பும் விழும், கை வைத்தால் பொடியும் உதிரும். ஆத்தங்குடித் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறவரின் சிக்கலும் இதே இடத்தில்தான். அமிலம் சிமென்ட்டைத் தின்கிறது என்ற ஒரு வரி வேதியியல் தெரிந்திருந்தால், பல வருடம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெற்ற மினுமினுப்பு ஒரே காலையில் போயிருக்காது.

பொறியியல் படித்தவரும் அதே சுவரில் தவறுகிறார். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஒரு பகுதி உதிர்ந்தால், பலம் கூடட்டும் என்று சிமென்ட் பூச்சு போடச் சொல்கிறார். சிமென்ட் கெட்டி, அது மூச்சு விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தேங்கும்; அதோடு வந்த உப்பு அங்கேயே படிந்து தள்ளும். சில மழைக்காலம் போனதும் சிமென்ட் பாளம் பாளமாக விழும்போது நன்றாக இருந்த பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. அவருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. சிமென்ட்டுக்குப் படித்ததைச் சுண்ணாம்பு மேல் போட்டதுதான் தவறு.

மின்வேலையிலும் இப்படித்தான். போர் மோட்டாரில், மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்றால், ரிலேயின் அளவைத் திருகிக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறவர் உண்டு. மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் பார்த்து, பிறகு ஒவ்வொன்றிலும் ஆம்பியர் பார்த்து, ஒன்று மட்டும் ஏன் குறைகிறது என்று தேடுகிறவரும் உண்டு. முதலாமவர் மோட்டாரின் காயிலைக் கருக்கிவிடுவார். இருவரிடமும் ஒரே சான்றிதழ் இருக்கலாம்.

மதிப்பெண்ணை மூளையின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறவர்கள், அறிவுச் சோதனை எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1905-இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் அதை உருவாக்கினார்கள். பள்ளிப் பாடத்தில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காண்பதே நோக்கம். பிறவியிலேயே நிர்ணயமான ஒன்றை அது அளப்பதாகப் பினே கருதவில்லை. உதவி செய்வதற்காக வந்த கருவி, பின்னாளில் ஆளைத் தரம் பிரிக்கிற கருவியாகிவிட்டது.

தொழிலைப் பாராட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1953-இல் இராஜாஜி அரசு, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது தமிழகம் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. கொத்தனார் மகளுக்குக் கொத்துக்கரண்டியைக் கொடுத்து, மற்ற பிள்ளைக்குக் கல்லூரியைக் கொடுப்பதற்குத் தொழிலறிவின் பெருமையை யாரும் சாக்காகச் சொல்லக் கூடாது. தொழில் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்க வேண்டும், மேற்படிப்பும் அப்படியே. பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழி இருப்பதே தெரியாமல், ‘ஐ.டி.ஐ. போனால் அத்தோடு முடிந்தது’ என்று அழுகிற பெற்றோர் இன்னும் நிறைய. பள்ளிகள் மே மாதமே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த மண்ணில் இரண்டுக்கும் குறைவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. கல் வார்க்கிற கொட்டகைகள் பக்கத்து ஊரில் இருக்கின்றன. இங்கே படிக்கும் பிள்ளை இரண்டு இடத்தின் வாசலையும் மிதித்திருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை சிறியது. ஃபிட்டர் பயிற்சியில் இரண்டு இரும்புத் துண்டுகளை 0.04 மில்லிமீட்டர் துல்லியத்துக்கு அராவிப் பொருத்தச் சொல்கிறார்கள். நல்ல சோதனைதான். அதோடு, பொருந்தாத ஒரு ஜோடியையும் கொடுத்து, எந்த முகத்தில் எவ்வளவு அராவ வேண்டும் என்று அராவும் முன்பே எழுதச் சொல்லுங்கள். கட்டடப் பிரிவுக்கு ஐந்து பழுதான ஆத்தங்குடிக் கற்களை மேசையில் வையுங்கள்: நிறம் ஓடியது, ஊசித்துளை விழுந்தது, உரிந்தது, மாவாகிறது, ஆசிட் பட்டது. ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் கெட்டது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். ஐ.டி.ஐ. மாணவருக்கும் பொறியியல் மாணவருக்கும் அதே ஐந்து கல், அதே அரைமணி நேரம். திருத்தும் மேசையில் பேராசிரியர் ஒருவரும், கல் வார்க்கும் மேஸ்திரி ஒருவரும், இருவருக்கும் ஒரே மதிப்பூதியத்தில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இருவர்,
காரைக்குடி.