மகளுக்கு எந்த மீன்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள புனிதா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. மாமாங்கேஸ்வரர் அவளுக்குத் துணையிருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, மீன் விலையும் ஏறிவிட்டது. நீ கேட்டதும் மீனைப் பற்றித்தான். நேரே அதற்கே வருகிறேன்.

மீனில் பாதரசம் இருக்கிறது, பிள்ளை பிறக்கும்வரை மீனே வேண்டாம் என்று யாரோ சொல்ல, அவள் சூடைக் குழம்பைக்கூடத் தள்ளி வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். திருக்கோவில் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண் மீன் சட்டியைக் கண்டு பயப்படுவதை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லா மீனையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். மீனை நிறுத்த வேண்டாம், மீனை மாற்றினால் போதும் என்பதே என் பதில். நீயும் இரசாயனவியல் படித்தவள் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் நாம் பார்த்த பளபளக்கும் பாதரசம் வேறு, மீன் தசையில் இருப்பது வேறு. உடைந்த வெப்பமானியிலிருந்து ஒரு துளியை யாராவது விழுங்கிவிட்டால், குடல் அதை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. அதன் ஆவியைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. அதே பாதரசத்தோடு ஒரு மெதைல் கூட்டம், அதாவது ஒரு காபனும் மூன்று ஐதரசனும், சேர்ந்து மெதைல் பாதரசம் ஆகிவிட்டால் குடல் 95 வீதத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மீனில் இருப்பது பெரும்பாலும் இதுதான். காபனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலான அந்தப் பிணைப்பை நீரும் உடைக்காது, நம் அடுப்புச் சூடும் உடைக்காது. கந்தகத்தைக் கண்டால் மெதைல் பாதரசம் விடாது. உடம்பில் கந்தகம் கிடைப்பது புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில். சிஸ்டீனைப் பற்றிக்கொண்டதும் அதன் உருவம் மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை ஒத்துவிடுகிறது. மெதியோனினை மூளைக்குள்ளும் நச்சுக்கொடி வழியாகவும் ஏற்றிச் செல்லும் புரதம் இதையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது. அடுத்தவருடைய அடையாள அட்டையைக் காட்டிச் சோதனைச் சாவடியைக் கடப்பது போல. தொப்புள்கொடி இரத்தத்தில் இதன் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். குழந்தையின் பக்கம்தான் கூடுதலாகச் சேர்கிறது, புனிதா. அதனால்தான் இதில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

இந்த மெதைல் எங்கே சேர்கிறது? வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்கு அடியில் கால் புதைந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். மேலே சாம்பல் நிறம், அரைச் சாண் கீழே கன்னங்கரிய சேறு, குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். ஒட்சிசன் இல்லாத அந்தச் சேற்றில் சல்பேற்றைக் கொண்டு சீவிக்கும் பற்றீரியாக்கள் விடும் ஐதரசன் சல்பைட்டின் நாற்றம் அது. பாதரசத்துக்கு மெதைல் பூட்டுபவற்றில் பலவும் இந்த வகைப் பற்றீரியாக்களே. சேற்றிலுள்ள உயிரிகள்தான் இதைச் செய்கின்றன என்று சுவீடனில் ஜென்சனும் ஜெர்னலோவும் 1969இல் காட்டினார்கள். அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 2013இல்தான் பிடிபட்டன. ஆனால் நாற்றம் அடித்தால் நஞ்சு என்று முடிவு கட்டிவிடாதே. சல்பைட்டு மிஞ்சிப்போனால் அதுவே பாதரசத்தைப் பிடித்துவைத்து மெதைல் சேர விடாமல் தடுத்தும்விடும். ஆழ்கடலிலும் ஒட்சிசன் குறைந்த நடுநீரில் பாதரசத்தோடு மெதைல் சேர்கிறது. நிலக்கரிப் புகையிலும் பொன் அகழ்விலும் எழும் பாதரச ஆவி மாதக்கணக்காகக் காற்றோடு உலகைச் சுற்றி எந்தக் கடலிலும் இறங்கும். பக்கத்தில் ஆலை இல்லை என்பதால் நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிட முடியாது.

பிறகு ஒன்றை ஒன்று தின்னத் தின்ன அளவு ஏறுகிறது. பெரிய வேட்டை மீனின் தசையில், அது நீந்தும் நீரில் இருப்பதைப்போலப் பத்து இலட்சம் மடங்குக்கு மேலும் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிப்படி ஒரு கிலோ வாள்மீனில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் பாதரசம். சாளை இனத்தில் 0.013 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2003இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்கிரோகிராம். மகள் 55 கிலோ என்றால் வாரத்துக்கு 88. நூறு கிராம் வாள்மீன் துண்டு ஒன்றே அதைத் தாண்டிவிடும். நூறு கிராம் சாளை 2 மைக்கிரோகிராமைக்கூடத் தொடாது.

யப்பானின் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் மீன் வழியாக வந்த பாதரச நோயைப் பற்றி நீயும் கேட்டிருப்பாய். அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. நோய் 1956இல் வெளிப்பட்டது. ஆலையின் மருத்துவர் ஹொசொகாவா 1959இல் கழிவு நீரை உணவில் கலந்து 400ஆம் இலக்கச் சோதனைப் பூனைக்குக் கொடுத்தார். பூனைக்கு அதே நோய் வந்தது, நிறுவனம் அந்த முடிவை மூடி மறைத்தது. ஆலைதான் காரணம் என்று அரசாங்கம் சொல்ல 1968 ஆகிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினார்கள். பெரிதாக நோய் தெரியாத தாய்மாருக்கு, நடக்கவும் பேசவும் இயலாத பிள்ளைகள் பிறந்தார்கள். மீனிலிருந்த நஞ்சைத் தம் வயிற்றுப் பிள்ளை வாங்கிக்கொண்டது என்று அந்தத் தாய்மார் சொன்னதை, ஹராடா மசசுமி என்ற இளம் மருத்துவர் செவிகொடுத்துக் கேட்டு ஆராய்ந்தார். 1962இல் அது பிறவி நோயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானில் குழந்தையின் தொப்புள்கொடித் துண்டைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். பின்னர் அந்தத் துண்டுகளை எடுத்துச் சோதித்தபோது அவற்றிலேயே பாதரசம் இருந்தது.

இனி நம் சமையலறை. சம்பந்தி இப்போதே சுறாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார் என்றாய். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது நம் வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். பால்சுறா சிறியது, தாய்ப்பாலில் போகும் மெதைல் பாதரசமும் நச்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவு. நான் தடுப்பது வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பெரிய சுறா, வாள்மீன், பெரிய சூரை ஆகியவற்றை. அறக்குளாவும் வேட்டை மீன்தான், பெரியதாக இருந்தால் எப்போதாவது ஒரு துண்டோடு நிறுத்து. புளி விட்டுக் கொதிக்க வைத்தாலோ தோலையும் கொழுப்பையும் நீக்கினாலோ மெதைல் பாதரசம் போகாது, அது தசைப் புரதத்தில் இருக்கிறது. சுறாக் கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால் அதே எடைக்கு இன்னும் கூடுதலாக இருக்கும்.

உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறைய இரண்டு மாதம் அளவில் ஆகும். ஆகவே பெரிய வேட்டை மீன்களை இன்றே நிறுத்தினால் பலன் உண்டு. கலியாணமான பெண்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, உன் அயலிலும் சொல்.

நெத்தலி, சூடை, கீரி, சாளை, இறால் எல்லாம் தாராளமாகக் கொடு. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பமிலங்கள் மீனில்தான் நிறைய. நம் இந்து சமுத்திரத்திலேயே உள்ள சீசெல்சில், வாரம் பன்னிரண்டு வேளை அளவில் மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மீனால் வந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வட அத்திலாந்திக்கில் உள்ள பரோ தீவுகளில் பாதிப்புக் கண்டார்கள், ஆனால் அங்கே பாதரசம் வந்தது பெரும்பாலும் திமிங்கில இறைச்சியிலிருந்து.

இந்தக் கடிதத்தை அவளிடமே வாசிக்கக் கொடு. கிளினிக்குக்குப் போகும்போது, முழுவதும் நிறுத்தாமல் சிறுமீன் சாப்பிடலாமா என்று அவளே கேட்கட்டும். அங்கே கிடைக்கும் மீன்களில் எதிலாவது சந்தேகம் இருந்தால் பெயரையும் அளவையும் எழுது. தைப்பொங்கல் கழிந்ததும் தம்பியின் வேனில் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறோம்.

அன்புடன்,
சாரதா