குரல் ஏன் அடைத்திருந்தது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் மாத்திரை போட்டாயா, கை வீங்கியிருக்கிறதா, தூங்கினாயா, செக்கப் எப்போது என்று கேட்டாய், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், சரிம்மா உடம்பைப் பார்த்துக்கோ என்று வைத்துவிட்டாய். உன் குரல் அடைத்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு ஆபீஸ் ஏசி என்றாய். ஏசி இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் உடம்பைப் பற்றி ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ கேட்க வேண்டாம். மார்பு கேன்சர் திரும்பாமலிருக்கப் போடும் மாத்திரை டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், வரும் மாசியோடு ஐந்து வருடம் முடிகிறது, இன்னும் தொடரலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் கொதித்து நைட்டி நனைந்துவிடும், மாற்றிக்கொண்டு கொல்லைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் அந்தக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடுவதில்லை, குடத்தை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். கீமோவில் மரத்துப்போன விரல்நுனி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கோலமாவு எவ்வளவு விழுகிறது என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறேன், இழை தடித்துவிடுகிறது, ஆனாலும் தினமும் போடுகிறேன். நீ வாங்கித் தந்த சிலிக்கோன் மார்பு கல்யாணம் காட்சிக்கு மட்டும்தான், வெயிலில் கனக்கிறது. வீட்டில் பஞ்சு வைத்துத் தைத்தது, சில நாள் அதுவும் இல்லை. பால்காரர் குரல் கேட்டதும் துண்டைத் தேடி ஓடின காலம் போயே போய்விட்டது.

பயம் போகவில்லை. முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்றுதான் முதலில் தோன்றும், முந்தின நாள் வீடு முழுக்க ஒட்டடை அடித்தது அப்புறம்தான் நினைவுக்கு வரும். மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை சோறு இறங்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றுகிற பயிற்சி சொன்னார்கள் இல்லையா, அதை நான் செய்தது ஸ்டோர் ரூம் கதவோரத்தில், அப்பா வருடா வருடம் உன் உயரத்துக்குப் பென்சில் கோடு போட்ட சுவரில். முதல் வாரம் உன் நாலாம் வகுப்புக் கோட்டைத் தாண்ட முடியவில்லை. பத்தாம் வகுப்புக் கோட்டைத் தொட்ட அன்று உன்னிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன், நீ "மாத்திரை போட்டியாம்மா" என்று ஆரம்பித்ததும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டேன். நீயும் அப்போதிருந்துதான் உன் கஷ்டம் எதையும் என்னிடம் கொண்டுவருவதில்லை. உனக்கு வேலை போனது ஆறு மாதம் கழித்து உன் மாமியார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அழுத மாதிரி நான் கீமோவில்கூட அழவில்லை பாப்பா.

நானும் மறைத்திருக்கிறேன். எனக்கு 47 வயசில் வந்ததால் நீ 37 வயசிலேயே மேமோகிராம் ஆரம்பிப்பது நல்லது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் எனக்கு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை, அதில் ஏதாவது இருந்தால் உனக்கும் எடுக்க வேண்டும், அப்படியானால் இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உன்னைப் பயமுறுத்த மனசு வராமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ இன்னமும் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது" என்றுதான் சொல்கிறாய். கேன்சர் என்றே சொல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர், அதை மனசுக்குள் பூட்டி வைக்காமல் இதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று பாடுபட்டு 1954-இல் அடையாறில் ஆரம்பித்தார், நான் பிழைத்து வந்தது அங்கேதான். அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகும்போது ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். முடிவு எதுவானாலும் அன்றைக்கே உனக்குச் சொல்வேன்.

நீயும் சொல்ல வேண்டும். எனக்குக் கைதான் பலமில்லை, காது நன்றாகவே கேட்கிறது. மாப்பிள்ளையோடு சண்டையோ, ஆபீஸில் ஏதாவதோ, நான் கேட்டால் தாங்க மாட்டேன் என்று நீயே முடிவு செய்யாதே. முன்னெல்லாம் என்னோடு சண்டை போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுவாயே, அது எனக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மாத்திரை போட்டிருப்பேன். குரல் ஏன் அடைத்திருந்தது என்பதிலிருந்து ஆரம்பி.

அம்மா