சாட்டர்னுக்குப் பேட்டரி மாற்றினேன்

தூத்துக்குடி
14 ஜூலை 2025

அன்புள்ள சேவியருக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மதினியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். கடையைச் சின்னவன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். 1996-ல் யோகோஹாமாவில் கப்பல் நின்றபோது வாங்கிவந்து என் கையில் கொடுத்தாயே, அந்த செகா சாட்டர்ன் வீடியோ கேம் பெட்டி இன்னும் இருக்கிறதா என்பது ஒன்று. பேரனுக்கு சோனியின் ப்ளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 ஆகிய மூன்றில் எதை வாங்கிக் கொடுப்பது என்பது இன்னொன்று.

பெட்டி இருக்கிறது, மக்கா. ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். ஜப்பான் கரண்ட் 100 வோல்ட் என்று அன்றைக்கு நான் கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே இருந்தது. படம் முதலில் கறுப்பு வெள்ளையாக வந்ததும், ஜப்பான் சிக்னலுக்கு 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும் என்று கண்டுபிடித்து டிவியில் போட்டதும், அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கலர் வந்தபோது நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததும் நினைவிருக்கிறதா? பின்பக்க மூடியைத் திறந்து பழைய பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் எந்த மொழி, என்ன தேதி, என்ன நேரம் என்று அது கேட்டது. பேட்டரி செத்துப்போனதால் நாம் சேமித்து வைத்திருந்த எதுவும் அதன் நினைவில் இல்லை. எனக்குக் கொஞ்ச நேரம் கையே ஓடவில்லை.

பேரனுக்குப் பதில் சொல்ல அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தனை வருஷமாக இந்தக் கேம் கம்பெனிகளின் போட்டியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே விஷயம்தான் கண்ணில் படுகிறது. இந்தத் தொழிலில் யாரையும் எதிராளி வந்து வீழ்த்தியதாகத் தெரியவில்லை. கூட இருந்தவர்களிடம் வாக்குத் தவறியவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள்.

ப்ளேஸ்டேஷன் பிறந்த கதையே அப்படிப்பட்டதுதான். சோனியில் கென் குதராகி என்று ஓர் இன்ஜினியர். நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்குச் சவுண்டு சிப் செய்து கொடுத்தவர். அந்த உறவில், நின்டெண்டோ பெட்டியோடு சேர்ந்து ஓடும் சி.டி. சாதனத்தைச் சோனி செய்வது என்று 1988-ல் ஒப்பந்தமானது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை மேடையில் அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ அதே கண்காட்சியில், தாங்கள் பிலிப்ஸோடு சேரப்போவதாகச் சொல்லிவிட்டது. நிச்சயம் முடிந்த மறுநாள் ஊர் கூடியிருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண்ணைக் கைகாட்டியது போல. சி.டி. விளையாட்டுகளின் உரிமையும் வருமானமும் யாருக்கு என்பதுதான் உள்ளே இருந்த தகராறு. அது நியாயமான கவலைதான். ஆனால் அதைத் தீர்த்துக்கொண்ட விதம் நியாயமில்லை. சோனி தலைவர் நோரியோ ஓகாவுக்கு அந்த அவமானம் ஆறவே இல்லை. கம்பெனிக்குள்ளேயே பலர் விளையாட்டுச் சாமான் நமக்கு எதற்கு என்று தடுத்தபோது, அவர்தான் குதராகியின் பின்னால் நின்றார். தன்னை அழிக்கக்கூடிய எதிரியை நின்டெண்டோ தன் கையாலேயே உண்டாக்கிக்கொண்டது.

சாட்டர்ன் ஜப்பானில் 1994 நவம்பர் 22-ல் வந்தது, விலை 44,800 யென். பதினோரு நாள் கழித்து டிசம்பர் 3-ல் ப்ளேஸ்டேஷன், 39,800 யென். ஆரம்பத்தில் ஜப்பானில் செகாவும் நன்றாகவே ஓடியது. விர்ச்சுவா ஃபைட்டர் என்கிற சண்டை விளையாட்டுக்காகவே சாட்டர்ன் வாங்கியவர்கள் அங்கே ஏராளம்.

உள்ளே பார்த்தால்தான் சங்கதி புரியும். அதைத் திறந்து பார்த்தபோது நான் சொன்னேனே, இதென்ன இவ்வளவு நெருக்கமான போர்டு என்று? ஹிட்டாச்சியின் எஸ்.எச்.-2 பிராசசர் இரண்டு. படம் வரைய மட்டும் இரண்டு சிப். கேட்பதற்கு இரட்டை பலம் மாதிரித் தோன்றும். ஆனால் இரண்டு பிராசசருக்கும் நினைவகத்துக்குப் போக ஒரே பாதை. ஒரே குழாயில் இரண்டு குடம் வைத்த மாதிரி, ஒன்று நிரம்பும்வரை மற்றது நிற்க வேண்டும். அந்த வேலையைப் பிசகாமல் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த புரோகிராமர்கள் ரொம்பக் குறைவு. விர்ச்சுவா ஃபைட்டரைச் செய்த யூ சுசுகியே, வேகமான ஒரே பிராசசர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. முப்பரிமாண உருவத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டித்தான் செய்கிறார்கள். ப்ளேஸ்டேஷன் முக்கோணத் துண்டால் செய்தது, சாட்டர்ன் நாலு மூலைத் துண்டால். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும், நாலு கால் உள்ளது ஆடும், இல்லையா? கணக்கிலும் அப்படித்தான். மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளத்தில் நிற்கும், நாலாவது எங்கேயாவது தூக்கிக்கொள்ளும். மற்ற எல்லோரும் முக்கோணத்தில் பழகியிருந்ததால், வேறு இடத்தில் செய்த விளையாட்டைச் சாட்டர்னுக்குக் கொண்டுவருவது பெரும் பாடாகிவிட்டது. ஆனாலும் தட்டைப் படத்தில் சண்டை விளையாட்டு என்று வந்தால் அந்தத் தலைமுறையில் சாட்டர்னுக்கு நிகர் கிடையாது. அதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். செகாவைச் சாய்த்தது 1995 மே 11 என்கிற ஒரே நாள். லாஸ் ஏஞ்சல்ஸில் முதலாவது இ3 வீடியோ கேம் கண்காட்சி. அமெரிக்காவில் சாட்டர்ன் செப்டம்பர் 2-ல் வரும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்கள். செகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடை ஏறி, 399 டாலர், இன்றைக்கே கடையில் கிடைக்கும் என்று அறிவித்தார். அவருக்கே அதில் உடன்பாடு கிடையாது, ஜப்பான் தலைமையகத்தின் முடிவு அது. சரக்கு போனது நாலே நாலு கடைத்தொடருக்கு. கேபி டாய்ஸ் போன்ற பெரிய கடைக்காரர்கள் கைவிடப்பட்டார்கள். செப்டம்பரை நம்பி விளையாட்டுச் செய்துகொண்டிருந்த வெளிக் கம்பெனிகளின் வேலை பாதியில் நின்றது. பெட்டி இருக்கிறது, போட்டு விளையாட எதுவும் இல்லை. கேபி டாய்ஸ் அதன்பின் சாட்டர்னை விற்கவே மறுத்துவிட்டது.

அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். 299 என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் அடங்கவில்லை. எல்லோரும் அந்த 100 டாலரைத்தான் பேசுகிறார்கள். எனக்குக் கண்ணில் நிற்பது அந்தக் கடைக்காரர்களின் முகம். நீ கப்பலில் இருந்த வருஷம் எங்களுக்கும் ஒரு கம்பெனி இதைத்தான் செய்தது. தீபாவளிக்குப் புது மாடல் டிவி என்று எல்லாக் கடையிலும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, ஆடியிலேயே ஒரு பெரிய கடைக்கு மட்டும் சரக்கை இறக்கிவிட்டார்கள். அப்பா அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நடையாய் நடந்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிப் பெட்டியை எங்கள் கடை வாசலில் ஏற்றவே இல்லை. நல்ல டிவிதான், படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இருந்தாலும் ஏற்றவில்லை.

நின்டெண்டோ 64 பிந்தி, 1996 ஜூனில் வந்தது. சூப்பர் மரியோ 64-ஐயும், கட்டைவிரலால் எந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்தக்கூடிய அந்தக் குச்சியையும் கொடுத்ததற்காக அவர்களை வணங்க வேண்டும். இன்றைக்கு வரும் எல்லாக் கண்ட்ரோலரிலும் அந்தக் குச்சிதான் நிற்கிறது. ஆனால் விளையாட்டுகளைக் கேட்ரிட்ஜில்தான் தருவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அதிகபட்சம் 64 எம்.பி. கொள்ளும் கேட்ரிட்ஜ் எங்கே, 650 எம்.பி. கொள்ளும் சி.டி. எங்கே? அதற்கு மேல், கேட்ரிட்ஜ் செய்யும் வேலை முழுக்க நின்டெண்டோ கையில். முன்கூட்டிப் பணம் கட்டி எண்ணிக்கை சொல்ல வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் விளையாட்டுச் செய்தவனுக்கு. சி.டி. என்றால் தேவைப்படும்போது மலிவாக அடித்துக்கொள்ளலாம். அத்தனை காலம் நின்டெண்டோ வீட்டுப் பிள்ளையாக இருந்த ஸ்குவேர் என்கிற விளையாட்டுக் கம்பெனி, ஃபைனல் ஃபேன்டசி 7 விளையாட்டை 1997-ல் மூன்று சி.டி.யாக ப்ளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. சோனி வருகிறவர்களுக்கெல்லாம் வாசலைத் திறந்து வைத்திருந்தது. கடைசிக் கணக்கில் ப்ளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல், நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி, சாட்டர்ன் 1 கோடிகூட எட்டவில்லை.

செகா அதன்பிறகு செய்த ட்ரீம்காஸ்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சாட்டர்னில் செய்த எல்லாத் தப்பையும் அதில் திருத்தியிருந்தார்கள். புரோகிராம் எழுத எளிது. பெட்டியோடு மோடமும் உண்டு. 1999 செப்டம்பர் 9-ல் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. ஆனால் பழைய காயம் ஆறவில்லை. பெரிய விளையாட்டுக் கம்பெனியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதற்கு ஒரு விளையாட்டுகூடச் செய்து தரவில்லை. டி.வி.டி.யும் ஓடும் ப்ளேஸ்டேஷன் 2 வருகிறது என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். 2001 ஜனவரி 31-ல் செகா இனிப் பெட்டியே செய்வதில்லை என்று அறிவித்தது. அந்தச் சமயம் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா, செகா தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, தன் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்தார். அவற்றின் மதிப்பு கிட்டத்தட்ட 70 கோடி டாலர். மார்ச் 16-ல் காலமானார். தன் சொத்தைப் போட்டு ஒரு கம்பெனியை மூச்சுவிட வைத்துவிட்டுப் போன அந்த மனிதரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

ஜெயித்த சோனியும் பாடம் படிக்க வேண்டியிருந்தது. 2006-ல் ப்ளேஸ்டேஷன் 3. அதே குதராகி, செல் என்கிற சிப். ஒரு தலைமைப் பிராசசர், அதன் கீழே ஏழு துணை. நம் சாட்டர்னின் இரண்டு குடமே தேவலை என்கிற மாதிரி சிக்கல். அமெரிக்காவில் பெரிய மாடல் 599 டாலர். அதே வருஷம் நவம்பரில் நின்டெண்டோ, வலு குறைந்த வீ பெட்டியை 249 டாலருக்கு இறக்கியது. கையை வீசி டென்னிஸ் ஆடலாம், தாத்தா பாட்டிகூட ஆடலாம். வீ 10 கோடியைத் தாண்டியது. குதராகி மறுவருஷமே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அடுத்த பெட்டியான ப்ளேஸ்டேஷன் 4-க்கு சோனி மார்க் செர்னி என்கிற விளையாட்டு வடிவமைப்பாளரை வைத்து, முதலில் விளையாட்டுச் செய்கிறவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டது. 2013 ஜூனில் அதே லாஸ் ஏஞ்சல்ஸ். எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், அதோடு வாங்கிய விளையாட்டை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் விற்கவும் கட்டுப்பாடு. சோனி அன்றைக்கே மேடையில் 399 என்றது, வட்டை யாருக்கும் இரவல் கொடுக்கலாம் என்றது. 18 வருஷம் கழித்து அதே ஊரில் அதே 100 டாலர் வித்தியாசம். மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது, ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. நீயும் நானும் இரண்டே வட்டை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் தூக்கி அலைந்தவர்கள். இரவல் இல்லாத விளையாட்டை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். எது பலமான பெட்டி என்று அவன் உன்னிடம் பட்டியல் காட்டினால் அதை வாங்கி ஓரமாக வை. அவனுடைய கூட்டாளிகள் எதில் ஆடுகிறார்கள், எந்த விளையாட்டை நினைத்து அவன் ஏங்குகிறான், இந்த இரண்டையும் கேள். மரியோ, செல்டா என்றால் ஸ்விட்ச் 2-ஐத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நின்டெண்டோ நம் நாட்டில் நேரடியாக விற்பதில்லை. வெளியிலிருந்து வரும் பெட்டிக்கு ரிப்பேர் என்றால் யாரிடம் போவது என்பதை வாங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டுக்கொள். எக்ஸ்பாக்ஸ் மட்டும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த விளையாட்டுகளையே ப்ளேஸ்டேஷனில் விடத் தொடங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் அவர்களுடைய கார்ப் பந்தய விளையாட்டான ஃபோர்ஸா ஹொரைசன் 5-ம் அங்கே போய்விட்டது. செகா போன பாதையின் வாசனை எனக்கு அதில் அடிக்கிறது. அவனுக்குக் கூட்டாளிகள் ப்ளேஸ்டேஷனில் இருந்தால் யோசிக்காமல் அதை வாங்கு. வட்டுப் போடும் இடம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கு. பத்து வருஷம் கழித்தும் அவன் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பனிமய மாதா கோவில் கொடியேற்றம் 26-ம் தேதி. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு மதினியால் பயணம் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுது. பேரனையும் கூட்டி வா. சாட்டர்னில் விர்ச்சுவா ஃபைட்டர் 2 வட்டு கீறல் இல்லாமல் ஓடுகிறது. இரண்டாவது கண்ட்ரோலரில் மட்டும் ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தது. பழைய டிவி ரிமோட்டின் ரப்பரை வெட்டி வைத்துப் பார்த்தேன், சரியாகிவிட்டது. பேரன் அதைப் பிடித்துக்கொள்ளட்டும், முதல் ஆட்டம் அவனும் நீயும்.

அன்புடன்,
செல்வம்